ஏற்காட்டு மலைப்பாதையில் கொட்டிய டீசல்

அன்புள்ள சேகருக்கு,

நலம்தானே? வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். நாகு பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம், உனக்கு இன்னும் சொல்லவில்லையென்றால் அவனிடமே சண்டை போட்டுக்கொள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

போன மாதம் இங்கே ஒரு கொண்டை ஊசி வளைவில் டீசல் பேரல் ஏற்றி வந்த வண்டி சாய்ந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் டீசல் ரோட்டோர வாய்க்காலில் இறங்கி, சிறுபாலத்தைத் தாண்டி, காப்பித் தோட்டத்துக்குள் போய்விட்டது. ரோடு வழுக்குகிறதே என்று யாரோ தண்ணீர் அடித்துக் கழுவிவிட, மிச்சம் இருந்ததும் ஓடையில் கலந்தது. அந்த ஓடையை நம்பித்தான் கீழே ஆட்கள் இருக்கிறார்கள், சேகர். வயிறு எரிகிறது.

இப்போது தோட்டக்காரர்கள் பணம் போட்டு, இனி இப்படிக் கொட்டினால் சமாளிக்கச் சாமான் வாங்கி வைக்கலாம் என்கிறார்கள், தேர்வு செய்வது என் பொறுப்பு. விற்க வந்தவர் ஸ்கிம்மர் படத்தைக் காட்டுகிறார். அது தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கிற இயந்திரம், சரிவில் ஓடி மண்ணுக்குள் இறங்குகிற டீசலை அதை வைத்து என்ன செய்வது? 2017 ஜனவரியில் எண்ணூரில் கப்பல்கள் மோதிக் கொட்டியதை ஆட்கள் வாளியில் அள்ளினார்களே, அது கெட்டி எண்ணெய், அள்ளவாவது முடிந்தது. டீசல் நமக்காகக் காத்திருக்காது.

அதனால் முதல் அரைமணியில் தடுத்து நிறுத்துகிற சாமானுக்குத்தான் பெரும் பணம் என்று முடிவு செய்திருக்கிறேன்: மணல் மூட்டை, வாய்க்கால் வாயை அடைக்க ரப்பர் விரிப்பு, மண்வெட்டி, மூடி போட்ட காலி பேரல். மரத்தூள் சேலத்தில் எந்த மரமில்லிலும் கிடைக்கும், காய்ந்த ரோட்டுக்கு அதுவே போதும். ஆனால் மழையில் அது தண்ணீரையும் சேர்த்துக் குடித்துவிடும். பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் இழையில் செய்த விரிப்பு தண்ணீரை விட்டு எண்ணெயை மட்டும் பிடிக்கும், விலை கூடத்தான், வாங்கியே ஆக வேண்டும். பெட்ரோல் என்றால் கதையே வேறு, ஒரு பொறி போதும், தீயணைப்பு வண்டி வரும்வரை எங்கள் ஆள் யாரும் கிட்டே போகக் கூடாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டீசலில் தோய்ந்த தூளும் விரிப்பும் மத்திய அரசின் 2016 கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயக் கழிவு, குப்பையோடு கொளுத்த முடியாது. நீ எண்ணெய் ஆலைகள் இருக்கிற மணலியில் தினமும் இதைத்தானே பார்க்கிறாய், இந்தக் கழிவைக் கொஞ்சமாகச் சேர்க்கிறவர்கள் யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்று விசாரித்து எழுது. ஐப்பசி மழைக்குள் வாங்கி முடிக்க வேண்டும், வழக்கம்போல் பொங்கல் வாழ்த்தோடு பதில் போடாதே.

அன்புடன்,
முருகேசன்