சிகிச்சை முடிந்த பின்னர் தொடங்கும் பராமரிப்புக்கும் காப்புறுதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் சமூகப் பாதுகாப்பு என்றவுடன் அஸ்வெசும எனும் அரச நலன்புரிக் கொடுப்பனவும் ஓய்வூதியமும் பேசப்படுகின்றன. வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு எழுந்து நடமாட முடியாமற் போன ஒரு முதியவரை மாதக்கணக்கில், சில வேளைகளில் வருடக்கணக்கில், யார் பராமரிப்பது, அந்தச் செலவை எந்தக் காப்புறுதி ஏற்பது என்ற கேள்வி மட்டும் வீட்டுக்குள்ளேயே பேசி முடிக்கப்படுகின்றது. அரசு நடத்தும் காப்புறுதித் திட்டங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகின்றேன்.

நமது அரச வைத்தியசாலைகள் பாரிசவாதத்துக்கும் இடுப்பெலும்பு முறிவுக்கும் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கின்றன. இதன் அருமையை வெளிநாட்டில் வைத்தியச் செலவு கட்டியவர்கள் நன்கறிவர். ஆனால் அடுத்த நோயாளி கட்டிலுக்காகக் காத்திருக்கும்போது எந்த வாட்டிலும் ஒருவரை மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது. உயிராபத்து நீங்கியதும் அவர் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றார். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ லிஃப்ட் இல்லாத தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்கு அவரைத் தூக்கிச் சென்று கிடத்திய பின்னர்தான் குடும்பத்தின் உண்மையான செலவு தொடங்குகின்றது. காற்று மெத்தை, டயப்பர், இயன்மருத்துவம், இரவும் பகலும் உடனிருக்க ஓர் ஆள் என்று அது நீள்கின்றது. எனக்குத் தெரிந்த குடும்பமொன்றில் தாயாரின் சத்திரசிகிச்சைக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. அதன் பின்னரான பராமரிப்புக்கு மகளின் நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின.

அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதித் திட்டத்தை 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் நடத்துகின்றது. வைத்தியசாலை அனுமதி, சத்திரசிகிச்சை, பிரசவம், மூக்குக்கண்ணாடி என அதில் தலைப்புகள் உள்ளன. முதியோர் இல்லத்தின் மாதக் கட்டணத்துக்கோ வீட்டில் அமர்த்தும் பராமரிப்பாளரின் சம்பளத்துக்கோ தலைப்பு இல்லை. தனியார்துறையில் உழைத்தவர்களுக்கு இருதய சத்திரசிகிச்சை, கண்வில்லை போன்றவற்றுக்கு ஊழியர் நம்பிக்கை நிதியமும், பாரிய நோய்களுக்கு ஜனாதிபதி நிதியமும் கைகொடுக்கின்றன. இவற்றாற் பயன்பெற்றவர்கள் பலர். எனினும் இவை அனைத்தும் நோயையும் சிகிச்சையையும் கணக்கிடுபவை. மறதி நோயால் பாதிக்கப்பட்ட ஒருவர் ஒருநாள்கூட வாட்டில் கிடக்காமலே பல வருடங்கள் பிறர் உதவியில் வாழக்கூடும். அவரது பெயர் இந்தத் திட்டங்களின் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

“இங்கே எல்லாவற்றையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும்” என்று வெளிநாட்டு உறவினர்கள் தொலைபேசியிற் சொல்வதை நம்மிற் பலர் கேட்டிருப்போம். அது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோருக்கான அரச காப்புறுதியான மெடிகேர், தாதியர் பராமரிப்பு நிலையத்தில் தங்குவதற்கு ஒரு நோய்க்காலத்தில் அதிகபட்சம் 100 நாட்களுக்கே பணம் கொடுக்கின்றது. அதற்கும் முன்னதாகத் தொடர்ச்சியாக மூன்று நாட்களாவது வைத்தியசாலையில் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. ‘அவதானிப்புக்காக’ வைத்திருந்தோம் என்று வைத்தியசாலை பதிந்துவிட்டால், கட்டிலிற் கிடந்த அந்த நாட்கள் கணக்கில் வராது. முதல் 20 நாட்கள் இலவசம். 21ஆம் நாளிலிருந்து நோயாளியின் பங்கு 2025இல் நாளொன்றுக்கு 209.50 டொலர். தேர்ச்சி பெற்ற தாதியரோ இயன்மருத்துவரோ செய்ய வேண்டிய சேவை நாளாந்தம் தேவைப்படும்வரைதான் இதுவும். குளிப்பாட்டுதல், உடுத்துதல், ஊட்டுதல், மலசலகூடத்துக்கு அழைத்துச் செல்லல் ஆகியன மட்டுமே தேவைப்படும் ஒருவருக்கு மெடிகேர் நீண்டகாலப் பராமரிப்புக்கு எதுவும் கொடுப்பதில்லை. சேமிப்பையெல்லாம் கரைத்து, வறியவர் என்ற நிலைக்கு வந்த பிறகே, வறியோருக்கான அரச மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்ட் பொறுப்பேற்கின்றது. பல மாநிலங்களில் தனியொருவர் கணக்கில் எடுக்கப்படும் சொத்தாக 2,000 டொலருக்கு மேல் வைத்திருக்க முடியாது. முந்திய ஐந்து வருடங்களில் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்த சொத்தும் தோண்டிப் பார்க்கப்படும். வாழ்நாள் முழுவதும் வரி கட்டிய ஒரு மனிதர், முதுமையில் உதவி பெறுவதற்காக ஏழையாக மாறவேண்டியிருப்பது நீதியான ஏற்பாடு என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இங்கிலாந்திலும் நிலைமை பெரிதும் வேறல்ல: 23,250 பவுணுக்கு மேல் சொத்துள்ளவர் தமது பராமரிப்புச் செலவைத் தாமே ஏற்க வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தாதியர் சேவைக்கும் தனிப்பட்ட பராமரிப்புக்கும் அரசு பணம் கொடுக்க, தங்குமிடத்துக்கான பங்கை அங்கு வசிப்பவர் செலுத்துகின்றார்.

நாம் பாடம் படிக்க வேண்டிய நாடுகள் ஜேர்மனியும் ஜப்பானும் ஆகும். பராமரிப்பு என்பது நோய்க் காப்புறுதியின் வால் அல்ல, அதற்குத் தனிக் காப்புறுதி வேண்டும் என்று ஜேர்மனி 1995இல் முடிவு செய்தது. அங்கே, ஒருவர் எந்த நோயால் விழுந்தார் என்பதைவிட, இன்று எவற்றைத் தாமாகச் செய்ய முடியாதிருக்கின்றார் என்பதையே பார்த்து ஐந்து படிநிலைகளில் ஒன்றில் சேர்க்கின்றார்கள். மிக முக்கியமாக, அவர் இல்லத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை. வீட்டில் மகளோ மருமகளோ பார்த்துக்கொண்டால், இரண்டாம் படியில் இருப்பவருக்கு மாதம் 347 யூரோவும், ஐந்தாம் படியில் இருப்பவருக்கு 990 யூரோவும் 2025ஆம் ஆண்டின் அளவுகளின்படி பணமாக வழங்கப்படுகின்றன. இல்லத்திற் சேர்ந்தால் தொகை அதிகம். ஆனாலும் அது முழுச் செலவையும் ஈடுசெய்யாது. உணவும் தங்குமிடமும் அவரவர் பொறுப்பு. ஜப்பான் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தில் 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா செலுத்துகின்றனர். நிதியின் பாதி வரிப்பணத்திலிருந்து வருகின்றது. பயன்பெறுபவர் பொதுவாகச் செலவில் பத்திலொரு பங்கைக் கொடுக்கின்றார். சிங்கப்பூரும் 2020இல் இதே வழியில் வந்தது. குளித்தல், உடுத்தல், உண்ணுதல் போன்ற ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றைத் தாமாகச் செய்ய முடியாதவருக்கு அங்கே மாதாந்தக் கொடுப்பனவு உண்டு.

இவையெல்லாம் செல்வந்த நாடுகள், 2022இன் பொருளாதார நெருக்கடியில் பட்ட அடியிலிருந்து இன்னும் நிமிராத நமக்கு இது எப்படிச் சாத்தியம் என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் சந்தா அறவிடும் ஏற்பாடு நம்மிடம் புதிதன்று. ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதமும் தொழில் வழங்குநரிடமிருந்து 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் வழங்குநரிடமிருந்து 3 சதவீதமும் பல தசாப்தங்களாகச் சேர்க்கப்பட்டு வருகின்றன. சிறிய தொகையானாலும் இளமையிலேயே சேர்க்கத் தொடங்கினால்தான் அது காப்புறுதியாகும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதைக் கடந்தோர் மக்கள்தொகையில் 12.4 சதவீதமாக இருந்தனர். அந்த வீதம் ஏறிக்கொண்டே போகின்றது. தாமதிக்கும் ஒவ்வொரு வருடமும் சந்தா செலுத்தும் தோள்கள் குறைகின்றன.

பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை, இதில் காப்புறுதிக்கு என்ன வேலை என்பது அடுத்த எதிர்வாதம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இக்கடமையை வலியுறுத்துகின்றது. கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிட்டு மாதாந்தத் தொகை பெறவும் வழி வகுத்துள்ளது. அதனை நான் மனதார வரவேற்கின்றேன். ஆயினும் கடமையை மறந்த பிள்ளைக்குச் சட்டம் போதும், கடமையைச் செய்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு யார் துணை? தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட மகளுக்குச் சம்பளத்தோடு சேமலாப நிதியும் நின்றுபோகின்றது. தாய் கண்மூடிய பின்னர் அவரே வருமானமற்ற முதியவராகின்றார். இப்படிப்பட்ட பெண்கள் நம் ஒவ்வோர் ஒழுங்கையிலும் இருக்கின்றார்கள். அவர்களது உழைப்புக்கு ஒரு பெயரும் ஒரு தொகையும் கொடுப்பது குடும்பப் பாசத்தைக் குறைக்காது.

கூலிக்கு அமர்த்தப்படும் பராமரிப்பாளர்களின் நிலையையும் சொல்லாமல் விட முடியாது. கொழும்பில் முதியோரைத் தூக்கிக் கழுவித் துடைக்கும் வேலையைச் செய்பவர்களிற் பெருந்தொகையினர் மலையகத்திலிருந்து வரும் பெண்கள். பயிற்சியோ நியமனக் கடிதமோ ஓய்வுநாளோ இல்லாமலே அவர்களிற் பலர் உழைக்கின்றனர். மறுபுறம், தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழுடன் பராமரிப்பாளர்களைப் பயிற்றி ஜப்பானுக்கும் இஸ்ரேலுக்கும் அனுப்பி வருகின்றோம். ஜப்பானில் அவர்களுக்குச் சம்பளம் கிடைப்பது அங்கே பராமரிப்புக் காப்புறுதி இருப்பதாலேதான். இங்கேயும் அப்படியொரு நிதி இருந்தால், பயின்றவர்களில் ஒரு பகுதியினராவது சொந்த நாட்டிலே மதிப்புடன் வேலை செய்யலாம்.

பணம் வருவதற்கு முன்பே ஒழுங்கும் வரவேண்டும். கொழும்பைச் சுற்றி, தெஹிவளை முதல் நுகேகொடை வரை, வீடுகளை மாற்றியமைத்து நடத்தப்படும் முதியோர் இல்லங்கள் பெருகியுள்ளன. அன்புடன் நடத்தப்படுபவை உண்டு. இரவில் ஒரு தாதிகூட இல்லாதவையும் உண்டு. தாமாக நடமாடக் கூடியவர்களையே சேர்ப்போம் என்று பல இல்லங்கள் கூறிவிடுவதால், மிக அதிக உதவி தேவைப்படுபவருக்கே இடம் கிடைப்பதில்லை. எத்தனை பேருக்கு எத்தனை தாதியர், படுக்கைப் புண் ஏற்பட்டால் யாருக்கு அறிவிப்பது, திடீர்ப் பரிசோதனை செய்வது யார் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். அவற்றை நிறைவேற்றும் இல்லத்துக்கே காப்புறுதிப் பணம் செல்ல வேண்டும்.

தமிழ் முதியோருக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. அலுவலகத்தில் மும்மொழியிலும் சரளமாகப் பேசியவர்கள், மறதி நோய் முற்றியபின் தாய்மொழியொன்றையே பற்றிக்கொள்வதைக் கண்டிருக்கின்றேன். தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட விளங்கிக்கொள்ள ஆளில்லாத இல்லத்தில் எத்தனை வசதி இருந்தும் பயனில்லை. தமிழ் அரசகரும மொழியாக உள்ள நாட்டில், இயலாமையை மதிப்பிடும் உத்தியோகத்தர் முதியவருடன் அவரது மொழியிற் பேச வேண்டும் என்பதைத் திட்டத்தின் விதியாகவே எழுத வேண்டும்.

முழு நாட்டுக்குமான திட்டம் ஒரே நாளில் வராது. அக்ரஹார திட்டத்திலுள்ள ஓய்வூதியர்களிடமிருந்து அதனைத் தொடங்கலாம்: அன்றாடச் செயல்களில் மூன்றைத் தாமாகச் செய்ய முடியாதென அரச வைத்தியர் சான்றளித்தால், வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தாரா என்று கேளாமல், வீட்டுப் பராமரிப்புக்கோ பதிவுபெற்ற இல்லத்துக்கோ பயன்படுத்தக்கூடிய ஒரு மாதாந்தத் தொகையை வழங்கலாம். அதற்குரிய மேலதிகச் சந்தா எவ்வளவு என்பதைக் காப்புறுதிக் கணிப்பாளர்களைக் கொண்டு கணக்கிட்டு, அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் மூன்று மொழிகளிலும் வெளியிடுமாறு நிதி அமைச்சையும் தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கின்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர்,
கொழும்பு 06.