கிளீவ்லாந்து ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு: ஆள் இருக்கும்போதே கூப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். டெட்ராய்ட் நகரத்து ராக் இசைக்குழுவான எம்சி5-க்கு, ராக் இசையில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் உங்கள் புகழ் அரங்கத்தில் இடம் கொடுத்தீர்கள். நல்லது. ஆனால் 2024 அக்டோபர் 19 அன்று விழா நடந்தபோது, அந்த ஐவரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

பாடகர் ராப் டைனர் 1991-இலேயே போய்விட்டார். கிதார் வாசித்த ஃபிரெட் ஸ்மித் 1994-இல், பேஸ் வாசித்த மைக்கேல் டேவிஸ் 2012-இல். இன்னொரு கிதார் கலைஞரான வெய்ன் கிரேமர் 2024 பிப்ரவரி 2 அன்று கணையப் புற்றுநோயால் இறந்தார். ஏப்ரல் 21 அன்று உங்கள் அறிவிப்பு வந்தது. அதைக் கேட்க மிஞ்சியிருந்தவர் டிரம்ஸ் வாசித்த டென்னிஸ் தாம்சன் ஒருவர்தான். அப்போது அவர் மாரடைப்பு வந்து சிகிச்சையில் இருந்தார். மே 9 அன்று அவரும் இறந்துவிட்டார். 1972-இல் கலைந்துபோன ஒரு குழுவுக்கு நீங்கள் தந்த சந்தோஷம் பதினெட்டு நாள் நீடித்தது.

அரங்கத்தில் சேர்ப்பதற்கான வாக்கெடுப்பில் வாக்கு கிடைக்கவில்லை, நாங்கள் என்ன செய்வது என்பீர்கள். ஆறு முறை அவர்கள் பெயர் வாக்குச்சீட்டில் ஏறியதும், ஆறு முறையும் தோற்றதும் உண்மை. ஆனால் கடைசியில் அவர்களை உள்ளே கொண்டுவந்தது வாக்கு அல்லவே. இசைச் சிறப்பு விருது என்ற பெயரில், பொது வாக்கெடுப்பு இல்லாமல், உங்கள் தேர்வுக் குழுவே முடிவெடுத்துக் கொடுத்த இடம் அது. 2022-ஆம் ஆண்டின் வாக்குச்சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிரிட்டனின் ஹெவி மெட்டல் குழுவான ஜூடாஸ் பிரீஸ்ட், எம்சி5 இரண்டு பெயர்களும் அதில் இருந்தன, இரண்டுமே தோற்றன. ஜூடாஸ் பிரீஸ்டை அதே ஆண்டு அதே விருதின் வழியாக உள்ளே அழைத்துக்கொண்டீர்கள். அவர்கள் தகுதியானவர்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. அன்று கிரேமரும் இருந்தார், தாம்சனும் இருந்தார். திறந்த கதவில் இன்னும் இரண்டு பேர் நுழைய இடமில்லாமலா போய்விட்டது?

என் கோரிக்கை ஒன்றுதான். ஆள் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

பெரிய அளவில் விற்காத குழுக்களுக்கு வாக்கு கிடைக்காது என்பது நீங்கள் அறியாததல்ல. எம்சி5-இன் முதல் ஆல்பத்தை ஹட்சன்ஸ் என்ற பெரிய அங்காடி விற்க மறுத்தது. இவர்கள் அந்த அங்காடியைத் திட்டி விளம்பரம் கொடுத்தார்கள். அதில் தங்கள் இசைத்தட்டு நிறுவனமான எலெக்ட்ராவின் சின்னத்தையும் போட்டுவைத்தார்கள். அங்காடி எலெக்ட்ராவின் எல்லா இசைத்தட்டுகளையும் அலமாரியிலிருந்து இறக்கியது. எலெக்ட்ரா இவர்களைக் கைகழுவியது. துடுக்குத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் துடுக்குத்தனம் குற்றமென்றால் உங்கள் அரங்கத்தில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

வேல்ஸின் கார்டிஃப் நகரத்து ராக் குழுவான பட்ஜி இன்னொரு கதை. 1967-இல் தொடங்கிய மூவர் குழு. புகழ்பெற்ற அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா இவர்களுடைய பாடல்களில் இரண்டை எடுத்துப் பாடிப் பதிவு செய்தது. மெட்டாலிகா 2009-இல் உங்கள் அரங்கத்துக்குள் வந்துவிட்டது. பட்ஜியின் பேஸ் கலைஞரும் பாடகருமான பர்க் ஷெல்லி 2010-இல் போலந்து போன இடத்தில் பெருந்தமனி வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். குழுவின் பயணம் அத்தோடு நின்றது. 2022 ஜனவரியில், 71 வயதில், பிறந்த ஊரிலேயே இறந்தார். செல்வாக்கு செலுத்திய இசைக்கென்றே தனி விருது வைத்திருக்கிறீர்கள். யாரிடமிருந்து கற்றோம் என்று மெட்டாலிகாவே இசைத்தட்டு போட்டுக் காட்டிய பிறகும், செல்வாக்குக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

ரசிகர் வாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் இணையத்தில் போடும் வாக்கையெல்லாம் கூட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகளுக்கு நடுவே ஒரேயொரு சீட்டாக எண்ணுகிறீர்கள். எங்கள் எல்லோரையும் ஓர் ஆளாகவாவது மதித்தீர்களே, மிக்க மகிழ்ச்சி.

எம்சி5-க்கு நடந்ததற்குப் பிறகாவது பாடம் கற்றிருப்பீர்கள் என்று நினைத்தேன். நியூயார்க் டால்ஸ் என்ற ராக் குழுவினரும் அதே 2022 வாக்குச்சீட்டில் இருந்து தோற்றவர்கள்தான். அவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த டேவிட் ஜோஹான்சென் 2025 பிப்ரவரியில் இறந்துவிட்டார். அவர்களையும் இனி ஒரு நாள் சேர்ப்பீர்கள். நல்ல உரை எழுதப்படும், படத்தொகுப்பு ஓடும், அரங்கம் எழுந்து நிற்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதற்கு இவ்வளவு நேர்த்தியான விழாவை வேறு யாராலும் நடத்த முடியாது.

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் உங்கள் தேர்வுக் குழுவின் முடிவில் தரும் இடங்களில் ஒன்றை, பெரிய வெற்றி காணாமல் மற்றவர்களுக்கு வழிகாட்டிய குழுக்களுக்கென ஒதுக்குங்கள். அந்தப் பட்டியலை உறுப்பினர்களின் வயதைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். வாக்கெடுப்பில் மூன்று முறை தோற்ற பெயர் தானாகவே உங்கள் தேர்வுக் குழுவின் மேசைக்கு வரட்டும். விதியைத் திருத்துவது உங்களுக்குப் புதிதல்ல. அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கில் ஒரு சீட்டின் மிகச் சிறு பங்கான ரசிகன்