ஏற்காடு கோடை விழா நடத்துபவர்களுக்கு ஒரு குதிரை விண்ணப்பம்

வணக்கம்.

மே மாதம் பிறந்தால் பிள்ளைகுட்டிகளோடு மலையேறிவிடும் சேலத்துக்காரன் நான். மலர்க் கண்காட்சியில், நாய்க் கண்காட்சியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் கேட்க வந்தது ஏரிப் பக்கம் சவாரிக்கு நிற்கும் குதிரைகளுக்காக. அதற்கு முன் ஓர் ஆஸ்திரேலியக் குதிரையின் கதை.

பிளாக் கேவியர் என்று பெயர். 2006இல் பிறந்த பெண் குதிரை. ஓடிய பந்தயம் 25, ஜெயித்ததும் 25. 2012இல் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் உடுப்பு மாட்டி, விமானத்தில் ஏற்றி, இங்கிலாந்தின் அஸ்காட் மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜெயித்துவிட்டோம் என்று ஜாக்கி லூக் நோலன் வெற்றிக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்பே குதிரையை விரட்டுவதை நிறுத்திவிட்டார். ஒரு தலை வித்தியாசத்தில்தான் மானம் தப்பியது. அப்புறம் சோதித்தால், தசை கிழிந்திருக்கிறது! அந்த வலியோடுதான் ஓடியிருக்கிறது. மறு வருடம் ஏப்ரலில் 25ஆவது வெற்றியோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். குதிரைப் பந்தயம் என்றால் முகம் சுளிப்பவன் நான். இந்தக் குதிரையின் வீடியோவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

2024 ஆகஸ்டில், 18ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. காரணம், லாமினைட்டிஸ் என்ற குளம்பு நோய். எலும்பைக் குளம்போடு பிடித்து வைத்திருக்கும் சதை அடுக்கு வீங்கிவிடும். வீங்க உள்ளே இடமிருக்காது. நகக்கண்ணில் சீழ் கோத்தால் நமக்கு எப்படித் தெறிக்கும், அப்படி. முற்றினால் பிடி விட்டு எலும்பு கீழே இறங்கிவிடும். ஈன்ற பிறகு வரும் தொற்றால் வரலாம். தானியமும் மாவுத் தீனியும் மிஞ்சினால் வரலாம். கெட்டித் தரையில் ஓயாமல் நடந்தாலும் வரலாம்.

இனி நம் ஏரிக்கரைக்கு வருவோம். தார்ச்சாலை. விழா நாளில் ஆளாளுக்கு நீட்டும் பன், பிஸ்கட், வேகவைத்த சோளம். என் மகளும் ஊட்டியவள்தான். நானே படமும் எடுத்தேன். அந்தப் படத்தில் குதிரை முன்னங்கால் இரண்டையும் நீட்டி வைத்து, பாரத்தைப் பின்னங்காலில் போட்டு நிற்கிறது. போஸ் கொடுக்கிறது என்று அன்றைக்குச் சிரித்தோம். குளம்பு வலிக்கும் குதிரை அப்படித்தான் நிற்குமாம். சேதி தெரிந்த பிறகு அந்தப் படத்தைப் பார்க்கவே முடியவில்லை.

குதிரைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு நாள் சவாரி நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. அந்தியூர்ச் சந்தையில் சுழியும் பல்லும் பார்த்து வாங்குகிற அவர்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன்? ஆனால் மலை மேல் குளம்பு சீவி லாடம் கட்ட ஆள் கிடைக்க வேண்டுமே.

நாய்க் கண்காட்சிக்குக் கால்நடை மருத்துவர்கள் எப்படியும் வருவார்கள். அன்று காலை சவாரி தொடங்கும் முன் இரண்டு மணி நேரம், இந்தக் குதிரைகளின் குளம்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 'தீனி கொடுக்காதீர்கள்' என்று ஏரிக்கரையில் ஒரு பலகை வையுங்கள். லாடக்காரர் ஒருவரை அழைத்து வந்தால், அவருடைய அன்றைய கூலியும் பஸ் செலவும் எங்கள் பொறுப்பு. நண்பர்கள் நாலு பேர் பேசி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒருவன்