உம்தத் உல் உமராவுக்கு ஒரு பலகை வையுங்கள்

தமிழகத்து ஃப்ரீமேசன் லாட்ஜ்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். போன மாதம் மூன்று சனிக்கிழமைகள், பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியோடு உங்கள் சகோதரத்துவ அமைப்பு கூடும் லாட்ஜ் ஒன்றின் வாசலில் நின்றேன். எந்த ஊர் என்று சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. உம்தத் உல் உமராவைப் பற்றி உங்களிடம் என்ன இருந்தாலும், உங்கள் முன்னிலையிலேயே பார்த்துக் குறிப்பெடுக்க அனுமதி வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தோம். காவலாளி நல்ல மனிதர், உட்கார நாற்காலி போட்டார். மூன்றாம் சனிக்கிழமை, நாங்கள் கொடுத்த உறை அப்படியே திரும்பி வந்தது. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அந்தப் பெண் அதை வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் மூத்த மகன். 1770களில் திருச்சிராப்பள்ளி லாட்ஜில் சேர்ந்தவர். இந்த அமைப்பில் இடம்பெற்ற முதல் இந்தியர்களில் ஒருவர். வங்காளத்தில் பிரசன்ன குமார் தத் 1863இல் தட்டிய கதவு 1872இல்தான் திறந்தது. அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பே நம் காவிரிக்கரையில் திறந்துவிட்டது.

தலைமை லாட்ஜான இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் அவருக்கு, உறுப்பினர்கள் இடுப்பில் கட்டும் அலங்கரித்த ஏப்ரன் ஒன்றும், அழகாகக் கட்டிய விதிப் புத்தகமும் அனுப்பியது. அவர் பாரசீகத்தில் பதில் எழுதி, பொன்சரிகைத் துணியுறையில் வைத்து அனுப்பினார். 1780இல் அது லண்டனில் வாசிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பைத் தோல்தாளில் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டினார்கள். அவர் எழுதியதற்கு அங்கே அவ்வளவு மரியாதை. அவருடைய சொந்த மண்ணில் அவரைப் பற்றிக் கேட்டு எழுதியதை ஒருவரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அவரை ஒருமுறை கைவிட்டாயிற்று. தந்தைக்குப் பின் நவாபான அவர் 1801 ஜூலையில் சேப்பாக்கம் அரண்மனையில் சாகக் கிடந்தபோதே கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் அரண்மனையில் காவல் நின்றார்கள். ஆட்சியை ஒப்படைக்கும் நிபந்தனைக்கு இணங்காத மகன் அலி உசேனை ஒதுக்கிவிட்டு, அசீம் உத் தௌலாவை நவாபாக்கி, அவரோடு ஒப்பந்தம் போட்டு, அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட ஆற்காட்டு நவாபின் நாடு முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. பாடப்புத்தகத்தில் அவர் பெயர் அந்த ஒப்பந்தத்தோடு சரி. திருச்சியில் என்னிடம் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒருவருக்கும் இந்தக் கதை தெரியாது. நான் சிறுவனாக இருந்தபோது, லாட்ஜுக்குள் போனால் தலையை வெட்டிவிடுவார்கள் என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். வாசலை இப்படிச் சாத்தியே வைத்திருந்தால் அந்தப் பேச்சு எப்படிப் போகும்?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சடங்குகளையோ ரகசியங்களையோ நாங்கள் கேட்கவில்லை. அவரைப் பற்றிய ஏடுகளும் படங்களும் இருந்தால் வருடத்தில் ஒரு நாளாவது மாணவர்களுக்குக் காட்டுங்கள். இல்லையென்றால், இல்லை என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். அவர் பெயரைத் தமிழில் எழுதி வெளியே ஒரு பலகை வையுங்கள்.

அந்த மாணவி நோட்டுக்குள் வைத்த உறை இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. எப்போது கொண்டுவரலாம் என்று தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். சனிக்கிழமையாக இருந்தால் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

பணிவுடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்