வயிற்றை வெட்டுமுன் மனதையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சை பற்றி எங்கள் வெள்ளவத்தைப் பக்கம் இப்போது அடிக்கடி பேச்சு அடிபடுகிறது. என் தங்கையும் அதைச் செய்துகொண்டவள். இரைப்பையில் ஏறக்குறைய 80 வீதத்தை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் முறை. இரத்தம், இருதயம், ஈரல் எல்லாம் சோதித்தார்கள். மனதைப் பற்றி ஆங்கிலப் படிவத்தில் ஒரேயொரு கேள்விதான்: மனநோய் உண்டா? "இல்லையெண்டு போடு பிள்ளை, பிறகு ஒப்பரேசன் செய்யமாட்டினம்" என்றார் அம்மா. அவளும் அப்படியே போட்டாள்.

மணமுறிவுக்குப் பிறகு அவள் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு, ரோல்ஸும் கேக்குமாக வயிறு நோகும்வரை சாப்பிடுவாள். பிறகு அழுவாள். சொந்தக்காரர் அதை வாய்க்கொழுப்பு என்றார்கள். அது சிகிச்சை உள்ள ஒரு நோய்.

அமெரிக்க மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் 2016இல் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, இந்தச் சத்திரசிகிச்சையை நாடுவோரில் சுமார் 19 வீதமானோருக்கு மனச்சோர்வும், 17 வீதமானோருக்கு இப்படிக் கட்டுப்பாடில்லாமல் உண்ணும் கோளாறும் இருக்கின்றன. அவை இருந்தால் எடை குறையாது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றும் அது சொல்கிறது. பலருக்கு மனச்சோர்வு தணிந்தும் இருக்கிறது. அம்மா பயந்ததுபோல மறைக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் மறைத்தால் ஆபத்து. கனடாவின் ஒன்டாரியோவில் 8,815 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பிறகு தம்மைத் தாமே காயப்படுத்தி அவசர சிகிச்சைக்கு வந்த சம்பவங்கள் பாதியளவு கூடியிருந்தன. அப்படி வந்தவர்களில் அநேகமாக எல்லாருக்கும் முன்பே மனநலப் பிரச்சினை இருந்தது. பெரும்பாலான சம்பவங்கள் இரண்டாம், மூன்றாம் வருடங்களில் நடந்தவை. ஊரே "நல்லா மெலிஞ்சிட்டாய்" என்று புகழும் காலம் அது! என் தங்கைக்கும் அந்தக் காலத்தில்தான் துக்கம் திரும்பி வந்தது. சாப்பிட்டு ஆற்றிக்கொள்ளவும் வழியில்லை. நல்லவேளையாகத் தமிழில் பேசும் ஒரு மனநல வைத்தியர் கிடைத்தார்.

கொழும்பு வைத்தியசாலைகளிடம் நான் கேட்பது இதுதான். நோயாளியைக் குடும்பத்தார் இல்லாமல் தனியாக, அவருடைய மொழியில் பேச விடுங்கள். மனநோய் இருக்கிறதென்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள், முதலில் அதற்கு மருந்து கொடுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் சில மாத்திரைகள் உடலில் சேரும் விதம் மாறும், அளவைத் திரும்பப் பாருங்கள். இரண்டு வருடம் போனாலும் கூப்பிட்டு விசாரியுங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கத்தைச் சுகாதாரப் பக்கத்தில் வாராவாரம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

வாசகி ஒருவர்,
கொழும்பு 06.