அபராதத் தொகைக்குக் கீழே இன்னும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்கள் பிடிபட்ட செய்தி உங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம் ‘10,000 ரூபாய் அபராதம்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தத் தொகையை நானும் கட்டியவன். கட்டியதோடு தொல்லை விட்டது என்றும் நம்பியவன்.

பதினான்கு ஆண்டுகளாக இரவுப் பணி ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டி வந்தேன். முதல்முறை பிடிபட்டபோது நீதிமன்றத்தில் அபராதம் கட்டினேன். பிறகு லைசென்ஸை மூன்று மாதத்துக்கு முடக்கி உத்தரவு வந்தது. ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். மடித்து பீரோவில் வைத்தேன். முதலாளி என்னை அனுப்பிவிடவில்லை. “மூன்று மாதம் ஷெட்டில் வேலை பார், பிறகு பார்க்கலாம்” என்றார். வேன்தானே ஓட்டக்கூடாது, ஸ்கூட்டருக்கு என்ன என்று நானே எனக்கொரு சட்டம் எழுதிக்கொண்டேன். உத்தரவில் ‘எல்லா வகை வாகனங்களும்’ என்று இருந்ததை வக்கீல் படித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் மட்டும் அன்றிரவு வண்டியை எடுத்திருக்க மாட்டேனா என்றால், அதற்கும் என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

முடக்கத்தின் ஏழாவது வாரம். உறவினர் வீட்டு விசேஷம். என் வீட்டுக்கு அரை கிலோமீட்டர்கூட இராது. வழியில் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். 86 காட்டியது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். காவலர் லைசென்ஸ் கேட்டார். பழக்க தோஷத்தில் பர்ஸைத் திறந்தேன். அட்டை இருந்த பிளாஸ்டிக் உறை மட்டும் வெறுமையாக இருந்தது. எண்ணைக் கேட்டுக் கைபேசியில் தட்டிப் பார்த்தவர், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

இப்போது என்மேல் இரண்டு குற்றச்சாட்டுகள். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் இரண்டாம் முறை என்பதால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் முடக்கம் (சட்டத்தின் சொல்லில் ‘தகுதி நீக்கம்’) அமலில் இருக்கும்போது ஓட்டியதற்கு 182-ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். இதுவரை நான்கு வாய்தா போயிருக்கிறேன். நான்கு நாள் கூலியும் போயிற்று.

முதலாளி கோபப்படவில்லை. “தம்பி, லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தே உன்னை ஓட்டவிட்டு ஏதாவது ஆனால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு என்னிடம் வசூல் செய்யும்” என்றார். நியாயம்தான். சாவிக்கொத்திலிருந்து வேன் சாவியைக் கழற்ற எனக்கு நேரம் பிடித்தது, வளையம் இறுகியிருந்தது. அவர் காத்திருந்தார்.

அதன்பின் மூன்று இடங்களில் வேலை கேட்டேன். மூன்றிலும் முதலில் லைசென்ஸ் எண்ணைத்தான் வாங்கிக்கொண்டார்கள். ஒரு விண்ணப்பத்தில் ‘வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா?’ என்று கேட்டிருந்தது. ‘ஆம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து அழைப்பு வரவில்லை.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள்: முடக்க உத்தரவைத் தமிழில் அனுப்புங்கள், ஸ்கூட்டரும் இதில் அடக்கம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்தமுறை அபராதத் தொகையை அச்சிடும்போது, அதன் கீழே அந்த 182-ஆம் பிரிவையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஓட்டுநர்