மருந்தக ஃபிரிட்ஜில் உள்ள ஊசி மருந்துகளுக்கும் தடுப்பூசிக்கு உள்ள பாதுகாப்பு கேட்டு மனு

அனுப்புநர்:
தேயிலைத் தோட்டக் குடியிருப்பு மக்கள்,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்சுலின், ஆக்ஸிடோசின் மருந்துகளைக் குளிர் குறையாமலும் உறையாமலும் வைக்க ஏற்பாடு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வயநாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) குடியிருப்புகளுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்தான் ஆதாரம். அதை விட்டால் கூடலூருக்குப் போக வேண்டும், அல்லது எல்லை தாண்டி சுல்தான் பத்தேரிக்குப் போய்க் காசு கொடுத்து வாங்க வேண்டும். நிலையத்தின் பெயரைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம். அங்குள்ள ஊழியர்கள் மேல் எங்களுக்குப் புகார் எதுவும் இல்லாததால் மனுவில் எழுதவில்லை.

தடுப்பூசி விஷயத்தில் அங்கே குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஐ.எல்.ஆர். பெட்டி (உள்சுவரில் ஐஸ் அடுக்கு கொண்ட, தடுப்பூசிக்கான குளிர்பெட்டி) இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம் கரண்ட் இருந்தாலே 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் குளிரைத் தாங்கும் பெட்டி அது. காலையும் மாலையும் நர்ஸ் அளவு பார்த்து நோட்டில் எழுதுகிறார். அளவு தாண்டினால் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் கருவியும் பொருத்தியிருக்கிறார்கள்.

மருந்தகத்தில் கதை வேறு. சுகர்காரர்களுக்கான இன்சுலினும், பிள்ளை பிறந்ததும் தாய்க்கு ரத்தப்போக்கு மிகாமல் இருக்கப் போடும் ஆக்ஸிடோசினும் அதே 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியவைதான். ஆனால் அவை இருப்பது வீட்டுக்கு வாங்கும் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில். தெர்மாமீட்டர் கிடையாது, பதிவேடும் கிடையாது. ஃப்ரீசருக்குக் கீழே இருக்கும் தட்டில் அட்டைப்பெட்டிகள் பனி பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இடம் போதாமல் மிச்சத்தைக் கதவுத் தட்டில், தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே சொருகி வைத்திருக்கிறார்கள். ஒரே ஃபிரிட்ஜில் மேலே உறைகிறது, கதவில் குளிர் பற்றவில்லை.

"மலை ஊர்தானே, இங்கே என்ன வெயில் அடிக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. வெயில் மட்டும் பிரச்சினை இல்லை ஐயா. இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால், அப்புறம் உருகினாலும் அதைப் போடக் கூடாது. போன மழைக்காலத்தில் எங்களில் ஒருவரின் அம்மாவுக்குக் கொடுத்த கலப்பு இன்சுலின் குப்பியை உள்ளங்கையில் வைத்து எவ்வளவு உருட்டியும் சீராகக் கலங்கவில்லை; வெள்ளைத் துகள்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. மருந்தாளுநரிடம் காட்டியதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். கலப்பு மருந்து என்பதால் கண்ணில் பட்டது. தெளிவாக இருக்கும் இன்சுலினோ ஆக்ஸிடோசினோ வீரியம் இழந்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சுகர் இறங்காது. "சோற்றைக் குறைக்கச் சொன்னேனே" என்று திட்டு விழும், டாக்டர் அளவைக் கூட்டுவார். அடுத்த மாதம் நல்ல குப்பி வந்து அதே கூடின அளவைப் போட்டால் சுகர் தாழ்ந்து ஆள் மயங்கி விழ வேண்டியதுதான். பிரசவ அறையிலோ இன்னொரு மாதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜூன் பிறந்தால் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் பெய்யும் மழை தங்களுக்குத் தெரிந்ததே. சில்வர் ஓக் மரம் முறிந்து மின்கம்பியில் விழுந்தால் மறுநாள்தான் கரண்ட் வரும். நிலையத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது. ஆனால் அதன் இணைப்பு பிரசவ அறைக்கும் ஐ.எல்.ஆர். பெட்டிக்கும் மட்டுமே போகிறது. மருந்தக ஃபிரிட்ஜ் அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஒரு எலக்ட்ரீஷியனை அனுப்பினால் முடிகிற வேலை இது. இதை முதலில் செய்து தர வேண்டும்.

அத்துடன், அந்த ஃபிரிட்ஜுக்கு அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளைக் காட்டும் தெர்மாமீட்டரும், தடுப்பூசிக்கு இருப்பது போன்ற இருவேளைப் பதிவேடும் உடனே வேண்டும். மருந்து வைப்பதற்கென்றே செய்யப்பட்ட குளிர்பெட்டிக்கு நிதி ஒதுக்க நாளாகும் என்பது எங்களுக்கும் புரிகிறது. அதுவரை ஆக்ஸிடோசினையாவது, பெயர் எழுதிய தனி டப்பாவில் ஐ.எல்.ஆர். பெட்டிக்குள் வைக்க அனுமதிக்கலாம். அதில் தடுப்பூசி தவிர வேறு மருந்து வைக்கக் கூடாது என்ற விதியைச் சொல்கிறார்கள். ஆனால் தடுப்பூசிக்கான குளிர் வசதியிலேயே ஆக்ஸிடோசினையும் சேர்த்து வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் 2019இல் கூட்டாகவே அறிவித்திருக்கின்றன. சுகாதாரத் துறைக்குத் தாங்கள் ஒரு வார்த்தை எழுதினால் வழி பிறக்கும்.

இன்னொன்று. லயன் வீடுகள் பலவற்றில் ஃபிரிட்ஜ் கிடையாது. பயன்பாட்டில் உள்ள ஒரு குப்பி வெயில் படாத இடத்தில் நாலு வாரம் வரை தாங்கும் என்கிறார்கள், சரி. ஆனால் மாதத்துக்கு இரண்டு மூன்று குப்பி வாங்குபவர்கள் திறக்காததை எங்கே வைப்பார்கள்? கேட்பவர்களுக்கு மட்டும் மீதிக் குப்பிகளை நிலையத்திலேயே பெயர் எழுதி வைத்து, ஒவ்வொன்றாகத் தரச் சொல்ல வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் ஜெனரேட்டர் இணைப்பு வேலையையாவது முடித்துத் தர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தேயிலைத் தோட்டக் குடியிருப்பு மக்கள்

இணைப்பு: நிலையத்தின் பெயர் அடங்கிய தாள், குடியிருப்பு மக்கள் கையொப்பங்கள்.